ஆய்வகத்துக்கு ஒரு மிக்ஸி

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சென்ற மாதம் குடலைப் பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். வாசலில் பேனர் கட்டியிருந்தது. அதில் கண், மூக்கு, கை, கால் எல்லாம் வரைந்த ஒரு பாக்டீரியா பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. முப்பத்தோரு வருடம் மைக்ராஸ்கோப்பில் பாக்டீரியாவைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

வரவேற்பு மேசையில் டை கட்டிய ஒரு பையன் நல்ல கிருமிகள் அடங்கிய மாத்திரை விற்றுக்கொண்டிருந்தான். மேடையில் பேசியவர்கள் எல்லாம் குடலை ஒரு தோட்டம் என்றார்கள், ஒரு நகரம் என்றார்கள், இரண்டாவது மூளை என்றார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மலம் பார்த்தவளுக்குப் பொன்னாடை. நான் சர்வீசில் இருந்த காலத்தில் கேன்டீனில் என் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

இப்போது அந்த லேபில் இருக்கும் இரண்டு பெண்கள்தான், "அக்கா, குடலுக்கு அந்த வைத்தியத்தை இந்த ஆஸ்பத்திரியில முதல்ல செஞ்சது நீங்கதானாமே, அதை எழுதிக் குடுங்க" என்று விடாமல் கேட்டார்கள். எழுதுகிறேன். மேடையில் சொன்ன மாதிரி அது நடக்கவில்லை.

என் பெயர் ஞானசுந்தரி. சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தாள். தேனியில் லேப் படிப்பு படித்துவிட்டு நேராக இங்கே வந்து சேர்ந்தேன். படிப்பில் சொல்லிக் கொடுக்காததை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். மனிதர்கள் மலத்தை எதில் வேண்டுமானாலும் கொண்டுவருவார்கள். தீப்பெட்டி, ஹார்லிக்ஸ் பாட்டில், தேயிலைப் பொட்டலம், ஊறுகாய் டப்பா. ஒரு பெரிய ஆபீசர் வீட்டிலிருந்து சிவப்பு வெல்வெட் வைத்த நகைப்பெட்டியில் வந்தது. அவர் வீட்டு வாட்ச்மேன் அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேசையில் வைத்தார். உள்ளே மற்ற எல்லோருக்கும் இருந்த அதே கொக்கிப்புழு முட்டைதான் இருந்தது.

வேலை ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. கண்ணாடித் தட்டில் ஒரு துளி உப்புத் தண்ணீர், பக்கத்தில் ஒரு துளி அயோடின். ஈர்க்குச்சி முனையில் துளியூண்டு எடுத்து இரண்டிலும் கலக்கி, மேலே மெல்லிய கண்ணாடியை மூட வேண்டும். அச்சடித்த எழுத்தை அதன் வழியாகப் படிக்க முடிகிற அளவுக்குத்தான் கலவை இருக்க வேண்டும். பிறகு இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று நிரை விடாமல் பார்த்து வர வேண்டும். அம்மா நிரை பிடித்துக் கொழுந்து எடுத்ததும் நான் செய்ததும் ஒரே வேலைதான். எனக்கு மழை கிடையாது, அவளுக்கு நாற்றம் கிடையாது.

எங்கள் மெடிக்கல் ஆபீசர் டாக்டர் ஜேக்கப். பாலா ஊர்க்காரர், மலையாளி. மழையில் ஜீப் போகாத லயத்துக்கு முட்டளவு சேற்றில் நடந்து போய்ப் பிரசவம் பார்த்த மனிதர். அவரைப் பற்றிக் குறை சொன்னால் இன்றைக்கும் நான்கு லயம் என்மேல் சண்டைக்கு வரும். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நோயாளி நாற்காலியில் உட்காருவதற்குள் ஆன்டிபயாட்டிக் எழுதிவிடுவார். உட்கார்ந்த பிறகு பெயர் கேட்பார். அதற்குப் பிறகுதான் என்ன நோய் என்று கேட்பார். சளிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, எதற்கென்று தெரியாவிட்டால் இரண்டும் சேர்த்து. நான் மூன்று நாள் கல்ச்சர் வைத்து, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடித்து ரிப்போர்ட்டை எடுத்துப் போவேன். நோயாளி அதற்குள் வீட்டுக்குப் போய் ரேஷன் கடையில் நின்றுகொண்டிருப்பார்.

"சாரமில்லை ஞானம். ஃபைல்ல வச்சேக்கு" என்பார் டாக்டர். சாரமில்லை என்றால் மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். அவர் அதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்பதை நானும் எண்ணிப் பார்த்துக் கைவிட்டிருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு மழைக்காலத்தில் மரியபுஷ்பம் சித்தி நிமோனியாவோடு வந்து சேர்ந்தார். சித்தி என்று உறவுமுறை சொன்னாலும் ரத்த உறவு இல்லை, அம்மாவோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து எடுத்தவர். வாய்க்குப் பயந்து சூப்பர்வைசர்களே அவர் நிரைப் பக்கம் போகமாட்டார்கள். டாக்டர் இரண்டு வகை ஊசி போட்டார். நெஞ்சு தெளியவில்லை என்று மூன்றாவதும் சேர்த்தார். நெஞ்சு தெளிந்தது. வீட்டுக்குப் போன ஐந்தாம் நாள் அவருடைய மகன் சேவியர், டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன், அதே ஜீப்பில் அம்மாவைத் திரும்பக் கொண்டுவந்தான். ஒரு நாளைக்குப் பதினைந்து முறை வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிறு உப்பிக் கல் மாதிரி இருந்தது.

டாக்டர் அமீபா என்று முடிவு கட்டி அதற்கும் ஓர் ஆன்டிபயாட்டிக் எழுதினார். சாம்பிள் என்னிடம் வந்தது. அமீபா இல்லை. சீழ் அணுக்கள் நிறைய. ஆனால் என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. மலத்தில் எப்போதும் பாக்டீரியா சந்தைக் கூட்டம் மாதிரி நெளிந்துகொண்டிருக்கும். நாங்கள் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள மாட்டோம். சித்தியுடையதில் அந்தக் கூட்டம் இல்லை. ஹர்த்தால் நாளில் கடைத்தெருவைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"பாக்டீரியா இல்லேங்கில் நல்லதல்லே ஞானம்? மருந்து வேலை செய்யுது."

"இருக்க வேண்டியதும் இல்லை சார். காலியா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"சாரமில்லை" என்றார். ஆனாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். சாம்பிளைக் கொச்சிக்கு அனுப்பச் சொன்னார். அது அவருடைய நல்ல குணம். வாய் சாரமில்லை என்று சொல்லும்போதே கை சரியான காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடும்.

பதில் வந்தது. சி-டிஃப் என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்கிற கிருமி. குடலில் மற்ற கிருமிகள் எல்லாம் மருந்தில் செத்துப் போனால், எதிர்க்க ஆள் இல்லாமல் பெருகி விஷத்தைக் கக்கும். அதைக் கொல்லவும் ஓர் ஆன்டிபயாட்டிக் உண்டு. கொடுத்தோம், நின்றது. மருந்தை நிறுத்திய பத்தாம் நாள் திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தோம், மறுபடி நின்றது, மறுபடி வந்தது. மூன்றாம் தடவை சிறுநீர் குறைந்து, ரத்த அழுத்தம் இறங்கி, எழுபது வயது ஆனவர் மாதிரி சுருங்கிக் கிடந்தார். அறுபத்திரண்டுதான் வயது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலைக்குக் கீழேயிருந்து குடல் டாக்டர் ஒருவர் வருவார். டாக்டர் ஷீபா, சின்ன வயது. கேஸ் ஷீட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி யாரும் படித்து நான் பார்த்ததில்லை. படித்துவிட்டு, ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தை எடுத்துக் கரைத்து வடிகட்டி, நோயாளியின் குடலுக்குள் குழாய் வழியாகச் செலுத்த வேண்டும் என்றார்.

டாக்டர் ஜேக்கப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்சிங் சூப்பரின்டென்ட் சிலுவை போட்டுக்கொண்டார்.

டாக்டர் ஷீபா சித்தியின் கட்டிலருகே உட்கார்ந்து, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "அம்மா, ஃபீல்டில் மருந்தடிச்சு எல்லாப் புல்லையும் கொன்னா, அப்புறம் ஒரே ஒரு முரட்டுக் களை மட்டும் வந்து மூடுமே, பார்த்திருக்கீங்களா?"

"பாக்காம என்ன" என்றார் சித்தி. "அதைத்தானே வருசம் பூரா பறிச்சோம்."

"அதுதான் உங்க வயித்துல. இனி மருந்தடிச்சுப் பிரயோஜனம் இல்லை. பழைய புல்லைத் திரும்ப நடணும்."

எதை எப்படி நடுவது என்பதையும் மறைக்காமல் சொன்னார். சித்தி சரி என்றார். எந்த ஃபீல்டிலிருந்து நாற்று வரும் என்று அப்போது கேட்கவில்லை.

அடுத்த நாள் அதிகாரிகள் கூடினார்கள். நோயாளி சாகக் கிடக்க, முக்கால் மணி நேரம் போனது அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில். சம்மதப் பத்திரத்தில் மலம் என்ற சொல் வந்தால் எஸ்டேட்டின் மதிப்பு என்னாவது என்று மேனேஜர் கவலைப்பட்டார். கடைசியில் "உயிரியல் பொருள்" என்று எழுதினார்கள். நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன், இத்தனை வருடம் உயிரியல் பொருள் பார்த்திருக்கிறேன் என்று.

கரைப்பதற்கு ஒரு மிக்ஸி வேண்டும் என்று ஸ்டோருக்கு இண்டென்ட் போட்டேன். ஸ்டோர்கீப்பர் அதைத் திருப்பி அனுப்பினார். "கேன்டீனில் ஏற்கெனவே ஒரு மிக்ஸி நல்ல நிலையில் உள்ளது. அதைப் பகிர்ந்து பயன்படுத்தலாம்" என்று பச்சை மையில் எழுதியிருந்தார். நான் நேரில் போய் எதற்கென்று விளக்கினேன். அரை மணி நேரத்தில் புது மிக்ஸி என் மேசையில் இருந்தது. அவரே "சமையலுக்கு அல்ல" என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருந்தார். அதன் பிறகு ஒரு வாரம் அவர் கேன்டீனில் சட்னி தொடவில்லை.

இனி கொடுக்க ஆள் வேண்டும். சித்தியின் தம்பி பங்குக் கோயிலில் உபதேசியார், சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்துகிறவர். அவர்தான் முதலில் வந்தார், சந்தேகங்களோடு.

"ஞானம், நம்ம சபை ஆளோடதாத்தானே இருக்கும்?"

"எந்தச் சபை மாமா?"

"ஆர்.சி.தான். நீங்க புராட்டஸ்டன்டு, தப்பா நினைக்காதிய. உள்ள போறதுல்லா, அதான் கேக்கேன்."

"லேப்ல அதுக்கு டெஸ்ட் இல்லை மாமா."

அவர் விடவில்லை. "மாட்டுப்பட்டிப் பண்ணையில காளைக்கே மூணு தலைமுறைக் கணக்கு எழுதி வச்சிருக்காக. இது மனுச உடம்பு. குடும்பம் பாக்க வேண்டாமா?" என்றார். பிறகு, தன்னைவிடத் தகுதியான ஆள் யார் என்று தானே முன்வந்தார்.

முறை கடுமையானது. சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி., மேக நோய் எல்லாம் பார்க்க வேண்டும். மலத்தில் புழு, அமீபா, டைபாய்டு வகைக் கிருமிகள், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் எதுவும் இருக்கக் கூடாது. உபதேசியாரிடம் அமீபா இருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, அச்சுப்பிழையாக இருக்குமோ என்று கேட்டார். சேவியர் பல் வலிக்கு முந்தின வாரம்தான் மாத்திரை முடித்திருந்தான். டாக்டர் ஜேக்கப் யாரிடமும் சொல்லாமல் என் ஜன்னலுக்கு வந்து, தான் தருவதாகச் சொன்னார்.

"கடைசியா ஆன்டிபயாட்டிக் எப்ப எடுத்தீங்க சார்?"

அவர் தும்மல் வந்தாலே சாம்பிள் மாத்திரை ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்கிறவர். கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னோடது காலியா இருக்கும் அல்லே ஞானம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சித்தியின் கேஸ் ஷீட்டில் அவர் ஒரு வரி எழுதினார். நோய்க்குக் காரணம் என்ற இடத்தில், "நாம் கொடுத்த ஆன்டிபயாட்டிக்" என்று. நாம் என்பதை அடித்துவிட்டு நான் என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார். எந்த டாக்டரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. அவரை இன்றைக்கும் மதிக்கிறேன் என்றால் அந்த அடித்தலுக்காகத்தான்.

மிச்சம் இருந்தது சேவியரின் மனைவி கலா. எங்கள் ஆஸ்பத்திரியில் தரை துடைத்த பார்வதியின் மகள். ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிற வேலை. சேவியர் அவளைக் காதலித்துக் கட்டி நான்கு வருடம் ஆகியிருந்தது. கோயில் வேறு என்பது சித்தி வெளியே சொன்ன காரணம். சாதி வேறு என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த காரணம். ஒரே லய வீட்டில் இரண்டு அடுப்பு. கலா தொட்ட தண்ணீர்க் குடத்தைச் சித்தி தொடமாட்டார்.

கலாவிடம் அதே கேள்விகளைக் கேட்டேன்.

"கடைசியா மாத்திரை எப்ப சாப்பிட்ட?"

"கல்யாணத்துக்கு முன்னாடிக்கா."

"நாலு வருசமா காய்ச்சலே வரலியா?"

"வரும். யாரு கூட்டிட்டு வருவா? அத்தை கஷாயம்கூட தரமாட்டாக. நானே சுக்குத் தட்டிக் குடிச்சிட்டுப் படுத்துக்கிடுவேன்."

எல்லாப் பரிசோதனையிலும் அவள் தேறினாள். என் சர்வீசில் அவ்வளவு சுத்தமான ரிப்போர்ட் நான் எழுதியதில்லை. அந்த வீட்டில் யாரும் அவளைக் கவனிக்காததால் டாக்டர் ஜேக்கப்பின் பேனா அவள்மேல் படவில்லை. அதனால் அவள் குடல் முழுசாக இருந்தது.

உபதேசியார் தலையில் கை வைத்தார். பிறகு யோசனை சொன்னார். "அக்காகிட்ட சொல்ல வேண்டாம். பேர் தெரியாத ஆளுன்னு சொல்லிருவோம்." சேவியரும் தலையாட்டினான். டாக்டர் ஜேக்கப்கூட, "அவங்க அறியண்டா ஞானம், உயிர் பிழைக்கட்டும்" என்றார்.

கலா சுவரோரமாக நின்றிருந்தாள். "சொல்லணும்" என்றாள்.

"ஏ கலா, நீ சும்மா இரு" என்றான் சேவியர்.

"சொல்லாம குடுக்க மாட்டேன். நாலு வருசமா நான் குடுத்த தண்ணியக் கொட்டிருக்காக. தெரிஞ்சு கொட்டினாக. இதையும் தெரிஞ்சே வாங்கட்டும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும்."

சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

சித்தி கண்ணை மூடிக் கிடந்தார். கையில் சலைன் இறங்கிக்கொண்டிருந்தது. கலா வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சித்தி, ஆள் கிடைச்சாச்சு."

"யாரு?"

"கலா."

சித்தி கண்ணைத் திறக்கவில்லை. மயங்கிவிட்டாரோ என்று நாடியைத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் உதடு அசைந்தது.

"வேற ஆளே இல்லையா இந்த எஸ்டேட்டுல?"

"உங்க தம்பி, உங்க மகன், டாக்டர், எல்லாத்தையும் பாத்தாச்சு. யாரும் தேறலை."

"அவ சம்மதிச்சிட்டாளா?"

"உங்ககிட்ட சொன்னாத்தான் குடுப்பாளாம்."

சித்தியின் கண்ணோரத்தில் ஈரம் இறங்கியது. பலவீனமா, ஆத்திரமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. கடைசியில் கேட்டார், "வடிகட்டுவீகளா?"

"நாலு மடிப்புத் துணியில, சித்தி."

"அப்ப சரி."

நான் வெளியே வந்தேன். கலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அருகே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே பழைய மருந்தை நிறுத்தினோம். அன்று காலை ஏழு மணிக்குக் கலா டப்பாவைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கையுறையும் முகமூடியும் போட்டு, எடை பார்த்து, சலைன் ஊற்றி, மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். ஒரேயடியாக ஓட்டினால் நுரை வரும், காற்று உள்ளே போகும். காற்றுப் பட்டால் சாகிற கிருமிகள்தான் நமக்கு வேண்டியவை. பிறகு காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை நான்காக மடித்து வடிகட்டினேன், மறுபடியும் ஒருமுறை. காப்பி நிறத்தில் ஒரு திரவம் வந்தது. அதைப் பெரிய சிரிஞ்சுகளில் ஏற்றி டாக்டர் ஷீபாவிடம் கொடுத்தேன். அவர் குழாயை உள்ளே செலுத்தி, ஒவ்வொரு சிரிஞ்சாக, அவசரமே இல்லாமல் தள்ளினார். டாக்டர் ஜேக்கப் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றார். அன்று முழுக்க அவர் ஒருமுறைகூட சாரமில்லை என்று சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் நான்கு முறை, ஐந்தாம் நாள் ஒரே முறை. சித்தியின் சாம்பிளைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தேன். சந்தை கூடியிருந்தது. எண்ண முடியாத கூட்டம். நான் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து போய் டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். நோயாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. டாக்டருக்குக் கை தளர்ந்துவிட்டது என்று கொஞ்ச பேர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், ஒன்பது நாள் நவநாளின் பலன் என்று அறிவித்தார். எஸ்டேட் சுற்றறிக்கையில், மேனேஜரின் தொலைநோக்கால் வாங்கப்பட்ட நவீனக் கருவி ஓர் உயிரைக் காத்தது என்று வந்தது. கருவி என்றால் மிக்ஸி. கலாவின் பெயர் இரண்டிலும் இல்லை.

ஒரு மாதம் கழித்துச் சித்தி ரிவ்யூவுக்கு வந்தார். நடந்தே வந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கூட வந்த கலாவின் கையில் டிபன் பாக்ஸ். டாக்டர் பார்ப்பதற்கு நேரம் ஆனதால், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சித்தி அதைத் திறந்து சாப்பிட்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"என்ன பாக்க ஞானம்? உள்ள இருக்கிறது இவளோட கிருமி. அதுகளுக்கு இவ சமையல்தானே பழக்கம். மாத்திப் போட்டா செத்துப் போகாதா?"

அப்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. டாக்டரின் அறைக்குள் போனதும் சித்தி அதையே அவரிடமும் சொன்னார்.

"லயத்துல வாய்க்கு வந்தபடி பேசுதாளுக டாக்டர். மருமக கையில சாப்பிடுதேன்னு கேக்காளுக. நீங்க சீட்டுல எழுதிக் குடுத்திருங்க. இவ சமைச்சதுதான் சாப்பிடணும்னு. சீல் வச்சு."

டாக்டர் ஜேக்கப் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்தார்.

"எத்தனை நாளைக்கு அம்மா?"

"ஆயுசுக்கும்னு போடுங்க."

அவர் எழுதினார். மருந்து எதுவும் இல்லாமல் அவர் எழுதிய முதல் சீட்டு அதுதான் என்று நினைக்கிறேன். சீல் வைக்கப் போகும்போது கலா பின்னாலிருந்து பேசினாள்.

"மூணு வேளையும் நான்தானா டாக்டர்? ஞாயித்துக்கிழமை அவுக மகன் சமைக்கலாம்னு ஒரு வரி சேத்து எழுதுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே தட்டுலதான் சாப்பிடுதோம். அவுக கிட்டயும் என் கிருமிதான் இருக்கும்."

சித்தி திரும்பி மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "எழுதுங்க. அவனும் கொஞ்சம் கஷ்டப்படட்டும்" என்றார்.

டாக்டர் அதையும் எழுதிச் சீல் வைத்தார்.